ஐந்து ஊர்களும் பதினேழு கொம்யூன்களும்

பிரெஞ்சிந்தியா என்றவுடன் நம்மவர் நெஞ்சில் புதுச்சேரி ஒன்றே தோன்றும். கொல்கத்தாவில் வாழும் தமிழன்பர்கள் ஹூக்ளிக் கரைச் சந்திரநாகூரையும் கண்டிருப்பர். அவ்வூரும் ஒரு காலத்தில் புதுச்சேரி ஆளுநரின் ஆணைக்கு உட்பட்டிருந்தது. வங்கத்தில் சந்திரநாகூர், கோதாவரிக் கழிமுகத்தில் ஏனாம், மலையாளக் கரையில் மாகி, சோழநாட்டில் காரைக்கால் என நான்கு மொழி வழங்கும் நிலங்களைப் புதுச்சேரியோடு சேர்த்து ஒரே ஆட்சியாக்கியிருந்தனர். புதுச்சேரியிலிருந்து ஏனாம் 800 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. மாறுதல் உத்தரவு பெற்ற எழுத்தர் பட்ட பாடு நம் போன்றோர்க்கு நன்கு விளங்கும்!

இவை போரில் வென்று ஒரே வீச்சில் எல்லை வகுத்த நாடுகள் அல்ல. வணிகத்தின் பொருட்டும் அரசர்களுக்கு உதவியதன் பொருட்டும் ஊர் ஊராகப் பெற்றவை. ஆங்கிலேயர் பலமுறை கைப்பற்றித் திருப்பித் தந்தனர். 1814ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கை, 1792 சனவரி முதல் நாளில் இருந்த நிலையை அளவுகோலாகக் கொண்டதோடு, இங்குக் கோட்டை கட்டலாகாது என்றும் விதித்தது. புதுச்சேரி நிலப்படத்தில் பிரெஞ்சு ஊர்களுக்கிடையே ஆங்கிலேயர் ஊர்கள் விரவிக் கிடந்ததற்கு இத்துண்டு துண்டான வரலாறே காரணம்.

1880இல் பிரான்சு நாட்டு முறையைப் பின்பற்றிப் பத்துக் கொம்யூன்கள் அமைக்கப்பட்டன. 1907இல் அவை பதினேழாயின: புதுச்சேரிக்கு எட்டு, காரைக்காலுக்கு ஆறு, ஏனைய மூன்று ஊர்களுக்கும் ஒவ்வொன்று. ஒவ்வொன்றிற்கும் மன்றமும் 'மேர்' எனப்படும் தலைவரும் உண்டு. சமத்துவம் பேசிய குடியரசு, 1884இல் வாக்காளரை ஐரோப்பியர், தனிச்சட்டம் துறந்தோர், ஏனை இந்தியர் என மூன்று பட்டியல்களாகப் பிரித்ததை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை.

இக்கொம்யூன்களே பின்னர் இந்நிலங்களின் எதிர்காலத்தை முடிவு செய்தன. சந்திரநாகூரில் 1949 சூனில் மக்களே நேரடியாக வாக்களித்தனர். 1954இல் அது மேற்கு வங்கத்தோடு இணைந்தது. எஞ்சிய நான்கிற்கும் அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளுள் 170 பேர் இந்தியாவோடு இணைய இசைந்தனர். அவர்களுள் மிகப் பலர் கொம்யூன் மன்ற உறுப்பினரே. நேரடி வாக்கெடுப்பே முறையானது என்பது என் எண்ணம். எனினும் முடிவு வேறாக இருந்திருக்கும் என்று கருத இடமில்லை.

நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. 1956இல் கையொப்பமான உடன்படிக்கை 1962 ஆகஸ்டு 16இல்தான் நடைமுறைக்கு வந்தது. மக்கள் விருப்பம் அறியாமல் இந்நிலங்களின் அமைப்பை மாற்றலாகாது என்னும் உறுதியும் அதில் உண்டு. 1979இல் அண்டை மாநிலங்களோடு இணைக்கும் பேச்சு எழுந்தபோது புதுச்சேரி கொந்தளித்ததற்கு இவ்வுணர்வே அடிப்படை. அந்த இணைப்புப் பேச்சு அத்துடன் அடங்கிற்று.

பாகூர், நெட்டப்பாக்கம், திருநள்ளாறு, நெடுங்காடு முதலிய பத்து ஊர்களில் உள்ளாட்சி அமைப்பு இன்றும் 'கொம்யூன் பஞ்சாயத்து' என்றே வழங்கப்படுகின்றது.