480 நாள்: ஓசூர்–சானமாவு வட்டாரத் தொழிற்சாலைகளில் பணியாளர் நிலைப்பு

ஓசூர் சிப்காட்டில் மனிதவளத் துறையினர் கூடினால் தவறாமல் எழும் புகார், "ஆள் நிற்பதில்லை" என்பதுதான். அத்திப்பள்ளியைத் தாண்டினால் கர்நாடகத்தின் பொம்மசந்திரா, ஜிகனி தொழிற்பேட்டைகள். சம்பளம் கொஞ்சம் கூடக் கிடைத்தாலும் பையன் பஸ் ஏறிவிடுகிறான் என்கிறார்கள். சிறந்த பணியாளர் விருது, பிறந்தநாள் கேக் என்று மருந்தும் கைவசம் உண்டு. நோயைக் கணித்ததிலேயே பிழை இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். பல வேளைகளில், வேலைக்கு எடுக்கும்போதே வெளியே அனுப்பும் தேதியும் முடிவாகிவிடுகிறது.

24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது, 1981ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு நிரந்தரத் தகுதிச் சட்டம். மாதம் 26 நாள் வேலை என்று கணக்கிட்டால் பதினெட்டரை மாதத்தில் அந்த வரம்பு வந்துவிடும். அதற்குள் 'பிரேக்' கொடுப்பது, ஆள் அனுப்பும் ஏஜென்சியை மாற்றுவது, டிரெய்னி என்று பெயர் சூட்டுவது எல்லாம் தொழிற்பேட்டையில் எல்லோருக்கும் தெரிந்த வித்தைகள். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, பழகுநர் தொழிலாளியே அல்லர். தொழிலாளியைக் காக்க வந்த சட்டத்தின் காலவரம்பே அவரை அனுப்பும் நாளாக மாறியதற்குச் சட்டத்தைக் குறைசொல்ல முடியாது. அதை நாள்காட்டியாகப் பயன்படுத்துகிறவர்கள்தான் பொறுப்பு.

அதிருப்தி அடைந்தவருக்கு வெளியேறுவது, குரல் கொடுப்பது என இரண்டு வழிகள் உண்டு. பற்று இருந்தால் வெளியேறுவதைத் தள்ளிப்போடுவார் என்று 1970இல் எழுதினார் பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன். காண்ட்ராக்ட் தொழிலாளி சூப்பர்வைசரைப் பற்றிப் புகார் சொன்னால், ஏஜென்சியிலிருந்து "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று போன் வரும். அவருக்கு மிஞ்சுவது ஒரே வழிதான்.

இதே மண்ணில் வேறு முன்மாதிரியும் இருந்தது. தமிழ்நாடு அரசின் டிட்கோவும் டாடா குழுமமும் 1984இல் தொடங்கிய கைக்கடிகார நிறுவனமான டைட்டன், ஓசூர் ஆலைக்குப் பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பிள்ளைகளை எடுத்துப் பயிற்சி தந்தது, மாற்றுத்திறனாளிகளைச் சேர்த்தது, மத்திகிரியில் குடியிருப்பும் கட்டியது. மைராடா தொண்டு நிறுவனத்தின் துணையுடன் 1990களில் உருவான 'மீடோ' நிறுவனத்தில் கைக்கடிகாரப் பட்டை கோத்த சுயஉதவிக்குழுப் பெண்களே பங்குதாரர்கள். இதையெல்லாம் நலத்திட்டம் என்று மட்டும் பார்ப்பது போதாது. நுண்ணிய வேலைக்குப் பழகிய கை வேண்டும். கை பழக ஆண்டுகள் பிடிக்கும்.

ஓசூரை அடுத்த சானமாவுக்கு வருவோம். ராகி முற்றும் பருவத்தில் கர்நாடகக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வழியாகச் சானமாவு காப்புக்காட்டுக்கு வந்து முகாமிடும். இருட்டிய பின் வெளியே வராதீர்கள் என்று வனத்துறை அறிவிக்கும். இரண்டாம் ஷிப்ட் முடிந்து இரவு பதினொன்றுக்கு நெடுஞ்சாலையில் இறங்குபவர் காட்டோர ஊருக்கு எப்படிப் போவார்? வீட்டில் ராகிக் காவலுக்கும் ஆள் வேண்டும். லீவு போட்டால் அட்டெண்டன்ஸ் போனஸ் போகும். ஒரு நாள் விட்டாலும் மாதம் முழுதுக்கும் வெட்டும் கம்பெனிகள் உண்டு. பதிவேட்டில் இது 'ஒழுங்கீனம்' என்று ஏறுகிறது. அந்தச் சில மாதங்களுக்கு ஷிப்டை மாற்றித் தருவதும் பஸ்ஸை ஊருக்குள் விடுவதும் பெரிய செலவல்ல.

ஆள் நிற்பதில்லை என்ற புகாருக்கு இன்றைய விடை விடுதி. ஓசூர் அருகே டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலைக்கு 2022 முதல் ஜார்க்கண்ட் பழங்குடிப் பெண்கள் வந்தனர். வேலை கிடைத்ததை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் விடுதியில் இருத்திவைப்பதும் வேலையில் நிலைக்கச் செய்வதும் ஒன்றல்ல. ஆளை நிறுத்துவதோடு கண்காணிப்பும் சேர்ந்து வருவது புதிதல்ல. 14,000 பேர் செய்யும் வேலைக்கு 1913இல் 52,000 பேரை எடுக்க நேர்ந்த அமெரிக்கக் கார் உற்பத்தியாளர் ஹென்றி ஃபோர்டு, மறு ஆண்டே நாளுக்கு ஐந்து டாலர் சம்பளம் என்று அறிவித்தார். ஆட்கள் நின்றார்கள். கூடவே அவர்கள் வீட்டு நடப்பை வேவு பார்க்க ஒரு துறையும் வந்தது. 2021 டிசம்பரில் விடுதி உணவால் நோயுற்ற ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் பெண்களின் குரல் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலைக்கு வந்த பிறகுதான் கேட்டது. அந்தச் சாலை சானமாவைத் தொட்டுத்தான் போகிறது.

ஆர்டர் ஏறி இறங்கும்போது எல்லோரையும் நிரந்தரமாக்க முடியுமா என்பது நியாயமான கேள்வி. வண்டிச் சந்தை படுத்தால் லைன் நிற்கும், உண்மைதான். ஆனால் ஒருவரை அனுப்பிய மறுநாளே அதே லைனில், அதே இடத்தில் இன்னொருவர் நிற்கிறார் என்றால் அதைச் சந்தை மந்தம் என்று சொல்ல இடமில்லை.

ஆள் நிற்பதில்லை என்று சொல்லும் நிறுவனங்கள், தாமாகப் போனவர் எத்தனை பேர், 480 நாளுக்கு முன் அனுப்பப்பட்டவர் எத்தனை பேர் என்று தனித்தனியே கணக்கு வெளியிடட்டும். ஊக்கம் பற்றிய பயிற்சி வகுப்பை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.