நமக்குச் சளி, பச்சிளம் குழந்தைக்கு மூச்சுத்திணறல்

மூத்த பிள்ளை பள்ளியிலிருந்து சளியைக் கொண்டுவருகிறது. அதற்கு மூக்கொழுகலும் இரண்டு நாள் காய்ச்சலும்தான். உம்மாவுக்கு லேசான தொண்டை கரகரப்பு. அதே கிருமி தொட்டிலில் கிடக்கும் இரண்டு மாதக் குழந்தைக்குத் தொற்றினால், பால் குடிக்க முடியாமல் அது மூச்சு வாங்கத் தொடங்குகிறது. கிருமி ஒன்றுதான், ஆனால் அது நுழைகிற மூச்சுக்குழாய் மிகச் சிறியது.

இப்படிப்பட்ட வைரஸ்களில் முக்கியமானது ஆர்.எஸ்.வி. 1956ல் அமெரிக்காவில் ஆய்வுக்கூடச் சிம்பன்சிகளிடம் முதலில் கண்டறியப்பட்டது. சில காலத்திலேயே நோயுற்ற குழந்தைகளிடமும் அதே வைரஸ் காணப்பட்டது. இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் இது ஒருமுறையாவது தொற்றிவிடும். பெரும்பாலோருக்கு வெறும் சளியாகவே போய்விடும். ஆனாலும் உலகெங்கும் ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் குழந்தைகள் ஐந்து வயதுக்குள் இதனால் இறக்கிறார்கள் என்பது மருத்துவ ஆய்வாளர்களின் மதிப்பீடு. அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் ஆறு மாதம்கூட நிரம்பாதவர்கள். குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும், பிறவியிலேயே இதய நோய் உள்ளவர்களுக்கும் ஆபத்து இன்னும் அதிகம்.

இந்த வைரஸ் நுரையீரலின் மிக நுண்ணிய குழாய்களை வீங்கச் செய்து சளியால் அடைக்கிறது. ஒரு குழாயின் அகலம் பாதியானால் காற்று போவது இரு மடங்கு அல்ல, சுமார் 16 மடங்கு கடினமாகும். நம் குழாயில் சிறு வீக்கம் பெரிதாகத் தெரியாது. குழந்தையின் குழாயிலோ வழியே அடைபட்டுவிடும். சளி தொடங்கி மூன்றிலிருந்து ஐந்தாம் நாள்வரைதான் நோய் உச்சத்துக்குப் போகும். "முதல் நாள் நன்றாகத்தானே இருந்தது" என்று பெற்றோர் திகைப்பது இதனால்தான்.

இருமல் சத்தத்தை விட மூச்சைக் கவனியுங்கள். சட்டையை விலக்கி, குழந்தை தூங்கும்போது ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் கீழ் 60ம், ஒரு வயதுவரை 50ம், அதற்கு மேல் ஐந்து வயதுவரை 40ம் அல்லது கூடுதலாகவும் இருந்தால் வேக மூச்சு. அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்ளே இழுத்தல், முனகல், உதடு நீலமாதல், பால் வழக்கத்தில் பாதியாகக் குறைதல், இடையிடையே மூச்சு நின்று வருதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் மட்டும் இருந்தாலும் இதே அவசரம்தான்.

வைரஸ் என்பதால் ஆன்டிபயாட்டிக் இதற்குப் பயன்படாது. பழைய பாட்டிலில் மீந்த இருமல் மருந்தையும் தொடாதீர்கள். தாய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு போதும். சாம்பிராணிப் புகையும் சிகரெட் புகையும் அந்த அறைக்குள் வேண்டாம்.

தேன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தேனில் நிவாரணம் உண்டு என்பது நம் நம்பிக்கை. ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு, சளிக்காக விரலில் தொட்டு நாக்கில் வைக்கும் அளவும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி விதைகள் அந்தக் குடலில் வளர்ந்து நச்சை உண்டாக்கி, தசைகளைச் செயலிழக்கச் செய்யலாம். ஒரு வயதுக்கு மேல் அந்தத் தடை இல்லை. தஹ்னீக் பேரீச்சம்பழத்தால் செய்யப்படுவது. அதைச் செய்பவருக்குச் சளி இருந்தால், நல்ல உடல்நிலையில் உள்ள வேறொருவர் செய்யட்டும்.

அகீகாவுக்கு வருகிறவர்கள் குழந்தையை முத்தமிட ஆசைப்படுவார்கள். சளி பிடித்தவர் தூர நின்று துஆச் செய்துவிட்டுப் போகலாம். மற்றவர்கள் சோப்புப் போட்டுக் கைகழுவிவிட்டுத் தூக்கலாம். மறுப்பது உறவை முறிப்பதாகாது. பெற்றவள் சொல்லத் தயங்குவாள். மாமியாரோ வாப்பாவோ சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

கர்ப்பிணிக்குப் போட்டு, பிறக்கப்போகும் குழந்தையைப் பாதுகாக்கும் ஆர்.எஸ்.வி. தடுப்பூசி 2023 முதல் சில நாடுகளில் அனுமதி பெற்றுள்ளது. பிறந்த குழந்தைக்கே போடும் எதிர்ப்புப் பொருள் ஊசியும் இருக்கிறது. கர்ப்பிணியாக இருப்பவர்கள் அடுத்த பரிசோதனைக்குப் போகும்போதே, தங்கள் ஊரில் இவை கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.