தனித்துப் பயில்வோர்க்குப் பக்கவாத்தியம்

இசை பயில்வோன் வீட்டிலே தனித்திருந்து செய்யும் சாதகம் வேறு. அரங்கிலே பிறரோடு கூடி வாசிக்கும் ஆற்றல் வேறு. விரல்கள் தனிமையிற் பழகிவிடும். பிறருடைய லயத்தோடு இணங்கிச் செல்லும் பழக்கமோ துணையின்றி வாய்ப்பதில்லை. பக்கவாத்தியக்காரரை நாள்தோறும் அழைத்துவைத்துப் பயிலும் வசதி மிகச் சிலருக்கே உண்டு. இக்குறையை நீக்க மேனாட்டார் செய்த முயற்சிகளின் வரலாறு அறியத்தக்கது.

1950 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரிலே ஏர்வ் கிராட்கா என்பார் 'மியூசிக் மைனஸ் வண்' என்னும் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடக்கினார். ஒரு வாத்தியத்தை மட்டும் விட்டு, ஏனையவற்றைப் பதிவு செய்வதே அவர் கண்ட உபாயம். விடுபட்ட இடத்தை மாணவன் தன் வாசிப்பினால் நிரப்புவான். 1967 இல் ஜாஸ் இசையாசிரியர் ஜேமி ஏபர்சோல்ட் இத்தகைய தொகுதிகளை வெளியிடலானார். அவற்றிலே பியானோ ஒரு பக்க ஒலிபெருக்கியிலும், பேஸ் மறுபக்கத்திலும் ஒலிக்கும். பியானோ பயில்வோன் அப்பக்கத்தை அடக்கிவிட்டுத் தானே அவ்விடத்தில் வாசிக்கலாம்.

எனினும், இசைத்தட்டு மாணவனுக்காக இறங்கிவருவதில்லை. கடினமான பகுதியைப் பயில்வதற்காக அதன் சுழற்சியைக் குறைத்தால், வேகத்தோடு சுருதியும் தாழ்ந்துவிடும். இந்தச் சிக்கலைத் தீர்க்கக் கணினி வரவேண்டியிருந்தது.

1983 சனவரியில், கலிபோர்ணியாவில் நடந்த வர்த்தகக் கண்காட்சியொன்றிலே, ஓர் அமெரிக்க நிறுவனத்தின் வாத்தியமும் ஒரு யப்பானிய நிறுவனத்தின் வாத்தியமும் கம்பியால் இணைக்கப்பட்டு ஒன்றோடொன்று பேசின. 'மிடி' எனப்படும் அம்முறை ஒலியை அனுப்புவதில்லை. எந்தச் சுரம், எப்பொழுது, எவ்வளவு வலிமையுடன் என்னும் கட்டளைகளையே அனுப்பும். கணினி சேமித்துவைப்பதும் அக்கட்டளைகளையே. ஆதலின், சுருதி கெடாமற் காலப்பிரமாணத்தைக் குறைக்கலாம். வேகம் மாறாமற் சுருதியை மாற்றலாம். வேண்டாத வாத்தியத்தை மௌனமாக்கலாம்.

1990 இல் கனடாவைச் சேர்ந்த பீற்றர் கனன் 'பாண்ட் இன் எ பொக்ஸ்' என்னும் கணினி நிரலை வெளியிட்டார். பாட்டிற்குரிய சுரக்கூட்டுகளின் பெயர்களை எழுதி, பாணியையும் தெரிந்துவிட்டால், பியானோ, பேஸ், முரசு ஆகிய பகுதிகளை அந்நிரலே அமைத்துக்கொடுக்கும். பிற்காலத்தில் மெய்யான வாத்தியக் கலைஞரின் பதிவுகளும் அதிற் சேர்க்கப்பட்டன.

இவ்வாறு, தோழரற்ற மாணவனுக்கும் ஒரு குழு கிடைத்தது. ஆனால், மாணவன் தடுமாறும்போது கைகொடுத்துக் காத்துநிற்கும் மிருதங்க வித்துவானைப் போன்று இத்தகைய துணை நின்று கொடுப்பதில்லை. குறித்த வேகத்திலே அது தன்வழியே செல்லும். அக்கண்டிப்பு லயத்தை உறுதிப்படுத்தும் என்பது உண்மை. ஒருவர் வாசிப்பைக் கேட்டு மற்றவர் மறுமொழி கூறும் நயத்தையோ உயிருள்ள பக்கவாத்தியமே கற்பிக்கவேண்டும்.