வேடந்தாங்கல் கவுலும் ஒரு பக்கெட் நீர்க்கடம்பும்

என் பால்கனியில ஒரு பக்கெட் இருக்கு. அடியில ஓட்டை கிடையாது. மண்ணுக்கு மேல ரெண்டு விரல் தண்ணி, நடுவுல முழங்கால் உயரத்துக்கு ஒரு நீர்க்கடம்பு கன்று. “வேர் அழுகிடும்டா”ன்னு அம்மா சொன்னாங்க. அழுகல. ஏரிக்குள்ளயே மாசக்கணக்கா நிக்கிற மரம் இது.

இந்த மரத்தை நான் முதல்ல பார்த்தது வேடந்தாங்கல்ல. ஏரி நிரம்பினதும் கிளைகள் மட்டும்தான் வெளிய தெரியும். அதுல நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம்னு கூடு மேல கூடு. சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் நாயும் பூனையும் கிட்ட வர முடியாது.

இப்போ வரலாறு. 18-ம் நூற்றாண்டின் கடைசியில வெள்ளைக்கார சிப்பாய்கள் இங்க வந்து பறவைகளைச் சுட்டாங்க. ஊர்க்காரங்க நேரா கலெக்டர்கிட்ட போனாங்க. 1798-ல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கே எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்துக்குப் பேர் கவுல். 1858-ல் திரும்பப் போய்க் கேட்டு, அதைப் புதுப்பிச்சு வாங்கினாங்க. இந்தியாவோட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1972-லதான்!

இது வெறும் பாசம் இல்ல, விவசாயக் கணக்கு. பறவை எச்சம் ஏரியில கலக்கும், அந்தத் தண்ணி வயலுக்குப் பாயும். உரச் செலவு மிச்சம்.

1998-ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் சரணாலயமா அறிவிக்கப்பட்டது. 2020-ல் அதை 3 கிலோமீட்டரா சுருக்க ஒரு திட்டம் வந்து, பெரிய எதிர்ப்பு கிளம்புச்சு. 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம் கிடைச்சது. காகிதம் இருந்தா போதாது, அதுக்காக எழுந்து போய்க் கேட்க ஆள் வேணும்.

மரத்துக்கும் அப்படித்தான். போன வருஷம் தாத்தா ஊர் ஏரியில, தண்ணி வத்தினப்போ, ஊர்ல கேட்டுட்டு மூணு கன்று நட்டேன். மழை வந்ததும் மூணும் தலையோட மூழ்கிச் செத்துப்போச்சு. வேர் தண்ணியில நிக்கும், ஆனா தளிர் வெளிய இருக்கணும். தாத்தாகிட்ட சொன்னேன். “மண்மேடு போடாம யாராவது ஏரிக்குள்ள கன்னு நடுவாங்களாடா?”ன்னு சிரிச்சார். இன்ஜினியரிங் படிச்சு என்ன புண்ணியம்!

இந்த வருஷம் கோடையில முதல்ல மேடு, அப்புறம்தான் கன்று. அதுவரைக்கும் இது பக்கெட்ல வளரட்டும். உங்க ஊர் ஏரிக்குள்ள என்ன மரம் நிக்குது? வீட்ல பெரியவங்ககிட்ட கேட்டு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.