தலைக்கணக்கில் பிரிந்த குடும்பங்கள்

வெளிநாட்டு விவாகரத்து, பிள்ளையின் பொறுப்பு யாருக்கு என்ற வழக்கு என்றதும் அமெரிக்காவில் வாழும் தம்பதிகள்தான் நினைவுக்கு வருகிறார்கள். தோழர்களே, கடல் கடந்த குடும்பச் சிக்கல் நம் மக்களுக்கு அதைவிடப் பழையது.

பிரிட்டிஷ் ஆட்சியில் திருநெல்வேலி உள்ளிட்ட மாவட்டங்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் பெரும் பகுதியினர் தலித்துகள். 1948 குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1949 சட்டத்தின்கீழ் குடியுரிமை கேட்ட ஆண், மனைவியும் சிறு பிள்ளைகளும் இலங்கையிலேயே தொடர்ந்து வசித்ததை நிரூபிக்க வேண்டும். மனைவி ஊரில் வந்து தங்கிய காலமே விண்ணப்பத்தைத் தள்ளக் காரணமாகலாம்.

1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். பெற்றோர் ஒரு நாட்டிலும் மணமான பிள்ளைகள் மறு நாட்டிலுமாகக் குடும்பங்கள் சிதறின. ஒப்பந்தம் எண்ணியது தலைகளை, குடும்பங்களை அல்ல.

பிள்ளையின் நலனே முதன்மை என்று இன்று நீதிமன்றங்கள் சொல்கின்றன. ஆனால் எல்லை தாண்டிக் கொண்டுபோகப்பட்ட பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவது பற்றிய 1980 ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடத்தான் ஓட வேண்டும். அதற்கும் தாள் வேண்டும்.

தென்காசி, குற்றாலம் பக்கமிருந்து இன்று வளைகுடாவுக்குப் போகிறார்கள். 2009 சட்டப்படி தமிழ்நாட்டில் திருமணப் பதிவு கட்டாயம். பதிவுச் சான்று, பிள்ளையின் பிறப்புச் சான்று, கணவரின் பாஸ்போர்ட் நகல் மூன்றும் ஊரிலிருக்கும் பெண்ணின் கையிலும் இருக்கிறதா என்று உங்கள் தெருவில் கேளுங்கள்.