மேடை வாசிப்பு: வாட்டர்ஃபோர்டு தேசிய நாடகாசிரியர் மாநாட்டின் வரலாறு

தேசிய நாடகாசிரியர் மாநாடு, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள வாட்டர்ஃபோர்டு என்னும் கடலோர ஊரில் கோடைகாலத்தில் நடைபெறும் நாடகப் பட்டறை. யூஜின் ஓ'நீல் நாடக மையம் 1965 முதல் இதை நடத்திவருகிறது. எழுதி முடிக்கப்படாத, அல்லது முதல் வரைவு நிலையில் உள்ள நாடகங்களை நடிகர்கள் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு பார்வையாளர் முன் நடித்துக்காட்டும் முறைக்கு மேடை வாசிப்பு என்று பெயர். இம்முறை அமெரிக்க நாடக உலகில் நிலைபெற இந்த மாநாடு முதன்மையான காரணமாக இருந்தது. ஆகஸ்ட் வில்சனின் புகழ்பெற்ற நாடகங்கள் பல இங்கே முதல் வடிவம் கண்டவை. மேடை வாசிப்பு பரவலான பிறகு, நாடகம் அரங்கேறுவதற்கு அதுவே தடையாகிவிட்டது என்ற எதிர்ப்பும் எழுந்தது.

பின்புலம்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவில் புதிய நாடகம் எழுதுபவரின் இலக்கு நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளே. நாடகம் பிராட்வேக்கு வருமுன் பாஸ்டன், நியூஹேவன், பிலடெல்பியா போன்ற நகரங்களில் சில வாரங்கள் வெள்ளோட்டம் நடத்தப்படும். பார்வையாளர் எங்கே சிரிக்கிறார்கள், எங்கே இருமுகிறார்கள் என்று பார்த்து ஆசிரியர் இரவோடு இரவாகக் காட்சிகளை மாற்றி எழுதுவார்.

இந்த முறையில் ஒரு சிக்கல் இருந்தது. வெள்ளோட்டத்துக்கு வருவதற்குள் அரங்க அமைப்பு, உடைகள், நடிகர் ஒப்பந்தங்கள் எல்லாவற்றுக்கும் பணம் செலவாகியிருக்கும். மாற்றம் எதற்கு என்பதைப் பிரதியின் தேவை தீர்மானிக்காது, போட்ட முதல் தீர்மானிக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் தயாரிப்புச் செலவு உயர்ந்தபோது, பெயர் அறியப்படாத எழுத்தாளரின் முதல் நாடகத்தில் பணம் போடத் தயாரிப்பாளர்கள் தயங்கினர். நாடகம் எழுதப் பழகுவதற்கு மேடை வேண்டும், மேடை கிடைப்பதற்கு ஏற்கெனவே எழுதிப் பழகியிருக்க வேண்டும் என்ற நிலை உருவானது.

முன்னோடிகள்

ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜார்ஜ் பியர்ஸ் பேக்கர், நாடகம் எழுதுவதை ஒரு பாடமாகக் கற்பித்த முன்னோடி. 'ஆங்கிலம் 47' என்ற அவருடைய வகுப்பிலிருந்து '47 பட்டறை' என்னும் அரங்கக் குழு பிறந்தது. மாணவர்களின் நாடகங்கள் அங்கே அழைக்கப்பட்ட பார்வையாளர் முன் நடிக்கப்பட்டன. வந்தவர்கள் தங்கள் விமர்சனத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. கைதட்டிவிட்டுக் கலைந்துபோகும் பார்வையாளர், நாடகம் உருவாவதில் பொறுப்புள்ள பங்காளியாக மாறியது இங்கேதான். ஹார்வர்டில் நாடகத்துக்குரிய இடம் கிடைக்காத நிலையில் பேக்கர் 1925-இல் யேல் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார்.

1914-15 கல்வியாண்டில் பேக்கரிடம் பயின்றவர்களில் ஒருவர் யூஜின் ஓ'நீல். 1916 கோடையில் அவர் மாசசூசெட்ஸின் பிராவின்ஸ்டவுன் கடற்கரையில் கூடியிருந்த எழுத்தாளர், கலைஞர் குழுவிடம் 'பவுண்ட் ஈஸ்ட் ஃபார் கார்டிஃப்' என்ற ஓரங்க நாடகத்தைக் கொடுத்தார். ஒரு வீட்டின் கூடத்தில் நடிகர் ஒருவர் அதை வாசித்தார். வாசிப்பு முடியும் வரை ஓ'நீல் பக்கத்து அறையில் காத்திருந்தார் என்று அக்குழுவைச் சேர்ந்த நாடகாசிரியர் சூசன் கிளாஸ்பெல் பதிவுசெய்திருக்கிறார். அந்த நாடகம் அதே கோடையில், மீன்பிடித் துறையில் இருந்த பழைய கொட்டகை ஒன்றில் மேடையேறியது. ஓ'நீலின் நாடகம் ஒன்று மேடை கண்டது அதுவே முதல்முறை.

1949-இல் மைக்கேலா ஓ'ஹாரா நியூயார்க்கில் 'நியூ டிராமட்டிஸ்ட்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். நாடகாசிரியர்கள் ஒருவர் எழுதியதை மற்றவர் கேட்கவும், நடிகர்களைக் கொண்டு வாசித்துப் பார்க்கவும் அது இடம் தந்தது. இங்கிலாந்தில் ஜார்ஜ் டிவைன் தலைமையிலான ராயல் கோர்ட் அரங்கு 1957 முதல் ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் அரங்க அலங்காரம் இல்லாமல் புதிய நாடகங்களை நடத்தியது. முழுமையாக ஒத்திகை பார்க்கப்பட்ட நாடகம் மிகக் குறைந்த செலவில் நிகழ்ந்தது. ஆர்னால்ட் வெஸ்கர், எட்வர்ட் பாண்ட், நைஜீரியாவின் வோலே சோயிங்கா ஆகியோரின் தொடக்ககால நாடகங்கள் அவ்வாறு மேடையேறின.

தொடக்கம்

வாட்டர்ஃபோர்டைச் சேர்ந்த ஜார்ஜ் சி. ஒயிட் 1964-இல் ஓ'நீல் நாடக மையத்தை நிறுவினார். கடலைப் பார்த்து நின்ற ஹேமண்ட் மாளிகை அப்போது ஊராட்சியின் உடைமையாக, பயனற்றுக் கிடந்தது. தீயணைப்புப் பயிற்சிக்காக அதை எரித்துவிடும் எண்ணமும் இருந்தது. ஒயிட் அதைக் குத்தகைக்குப் பெற்றார். அருகிலுள்ள நியூ லண்டன், ஓ'நீல் சிறுவயதில் கோடைகளைக் கழித்த ஊர். அவருடைய 'லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்' நாடகம் நிகழ்வது அங்குள்ள குடும்ப வீட்டில்தான். மையத்துக்கு அவர் பெயர் வந்ததற்கு இந்த மண்ணுறவு காரணம்.

1965 கோடையில் இளம் நாடகாசிரியர்கள் முதன்முறையாக இங்கே கூடினர். அந்த முதல் கூட்டம் பெரும்பாலும் பேச்சாகவே கழிந்தது. அடுத்த ஆண்டு முதல் நாடகங்கள் நடித்துக்காட்டப்பட்டன. 1966-இல் ஜான் குவேர், முந்தைய ஆண்டு போப்பாண்டவர் நியூயார்க்குக்கு வந்த நிகழ்வைப் பின்னணியாகக் கொண்ட 'தி ஹவுஸ் ஆஃப் ப்ளூ லீவ்ஸ்' நாடகத்தின் முதல் அங்கத்தைக் கொண்டுவந்தார். முதன்மைப் பாத்திரத்தில் அவரே நடித்தார். முதல் அங்கம் வரவேற்பைப் பெற்றது. ஆனால் இரண்டாம் அங்கம் அவருக்கு எளிதில் கைகூடவில்லை. முழு நாடகம் 1971-இல்தான் நியூயார்க்கில் மேடையேறியது. பாதி நாடகத்தை மக்கள் முன் வைப்பதும், மீதிக்கு ஐந்து ஆண்டுகள் எடுத்துக்கொள்வதும் பிராட்வே வெள்ளோட்டத்தில் நினைத்துப்பார்க்க முடியாதவை.

லாயிட் ரிச்சர்ட்ஸ்

1968-இல் மாநாட்டின் கலை இயக்குநராகப் பொறுப்பேற்ற லாயிட் ரிச்சர்ட்ஸ் 1999 வரை அப்பணியில் இருந்தார். கனடாவின் டொரண்டோவில் பிறந்து டெட்ராய்ட்டில் வளர்ந்தவர். 1959-இல் லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் 'எ ரெய்சின் இன் தி சன்' நாடகத்தைப் பிராட்வேயில் இயக்கியவர். பிற நகரங்களில் வெள்ளோட்டம் கண்டு நியூயார்க் வந்த நாடகம் அது. பழைய முறையின் வலிமையையும் நெருக்கடியையும் அவர் உள்ளிருந்தே அறிந்திருந்தார்.

மாநாட்டின் நடைமுறைகளைத் திட்டவட்டமாக வகுத்தவர் ரிச்சர்ட்ஸ். முகவர் இல்லாதவரும் நாடகம் அனுப்பலாம். ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் வந்தன. அவற்றிலிருந்து பத்துப் பதினைந்து நாடகங்களே தேர்ந்தெடுக்கப்பட்டன. கோடைக்கு முன்னரே ஆசிரியர்கள் ஒருமுறை கூடி, தத்தம் நாடகத்தைத் தாமே உரக்க வாசிப்பார்கள். பின்னர் ஒவ்வொரு நாடகத்துக்கும் ஓர் இயக்குநர், நடிகர்கள், நாடக ஆலோசகர் ஆகியோர் தரப்படுவர். நான்கு நாள் ஒத்திகை, இரண்டு காட்சிகள். வீடு, மதுக்கூடம், சிறை எதுவானாலும் இடம் மாற்றி அடுக்கக்கூடிய ஒரே தொகுதிப் பலகைகளும் பெட்டிகளும்தான் அரங்க அமைப்பு. நடிகர் கையில் பிரதி இருக்கும்.

பிரதி கையில் இருப்பது சிக்கனத்துக்காக மட்டும் அல்ல. மனப்பாடம் செய்யத் தேவையில்லாததால், காலையில் எழுதிய புதிய பக்கம் மாலையில் நடிகரின் வாய்க்கு வந்துவிடும். முதல் காட்சிக்கும் இரண்டாம் காட்சிக்கும் இடையே ஆசிரியர் ஒரு காட்சியையே நீக்கிப் பார்க்கலாம். அரங்க அமைப்பும் இசையும் இல்லாததால் வசனத்தின் தொய்வை மறைக்க எதுவும் இல்லை. பார்ப்பது முடிந்த படைப்பு அல்ல என்பதை அந்தத் தாள்கள் பார்வையாளருக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கும்.

காட்சிகள் முடிந்தபின் கலந்துரையாடல் நடைபெறும். தொடக்க ஆண்டுகளில் இந்த அமர்வுகள் எழுத்தாளரைப் புண்படுத்துமளவு கடுமையாக இருந்தன. ரிச்சர்ட்ஸ் அவற்றை ஒழுங்குபடுத்தினார். என்ன கண்டோம், எங்கே குழம்பினோம் என்று சொல்லலாம், நாடகத்தை எப்படி மாற்றி எழுத வேண்டும் என்று சொல்லக் கூடாது என்பது அவர் வலியுறுத்திய நெறி. 'தி நியூயார்க்கர்' இதழின் விமர்சகர் ஈடித் ஆலிவர், அபத்த நாடகம் பற்றிய நூலால் அறியப்பட்ட மார்ட்டின் எஸ்லின் ஆகியோர் இங்கே நாடக ஆலோசகர்களாகப் பணியாற்றினர். எழுத்தாளருக்குப் பக்கத்தில் அமர்ந்து கேள்வி கேட்கும் ஆலோசகர் என்ற பணி அமெரிக்க அரங்குகளில் வேரூன்ற இம்மாநாடு உதவியது.

ஆகஸ்ட் வில்சன்

பிட்ஸ்பர்க்கின் ஹில் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் 1945-இல் பிறந்தவர் ஆகஸ்ட் வில்சன். பள்ளிப் படிப்பை இடையில் விட்டு, நூலகத்தில் தாமாகப் படித்துக் கவிஞராகத் தொடங்கியவர். வாட்டர்ஃபோர்டுக்கு அவர் அனுப்பிய நாடகங்கள் பல முறை நிராகரிக்கப்பட்டன. 1982-இல் 'மா ரெய்னிஸ் பிளாக் பாட்டம்' தேர்ந்தெடுக்கப்பட்டது. 1927-இல் சிகாகோவின் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில், ப்ளூஸ் பாடகி ஒருவருக்கும் அவருடைய கறுப்பின இசைக்கலைஞர்களுக்கும் வெள்ளைய முதலாளிகளுக்கும் இடையே நடப்பது அந்த நாடகம்.

அப்போது ரிச்சர்ட்ஸ் யேல் நாடகப் பள்ளியின் தலைவராகவும் யேல் ரெப்பர்ட்டரி அரங்கின் கலை இயக்குநராகவும் இருந்தார். வாட்டர்ஃபோர்டில் வாசிக்கப்பட்ட நாடகம் 1984 ஏப்ரலில் யேலில் முழுத் தயாரிப்பாக மேடையேறியது. அதே ஆண்டு அக்டோபரில் பிராட்வேயை அடைந்தது.

1983-இல் வில்சன் 'ஃபென்சஸ்' நாடகத்துடன் மீண்டும் வந்தார். வாட்டர்ஃபோர்டு வாசிப்பில் அது நான்கு மணி நேரத்துக்கும் மேல் நீண்டது. எதை வெட்டுவது என்பதை வில்சன் நடிகர்களின் குரலில் கேட்டுத்தான் கண்டுகொண்டார். 1985-இல் யேலிலும் 1987-இல் பிராட்வேயிலும் மேடையேறிய அந்த நாடகம் புலிட்சர் பரிசு பெற்றது. 1984-இல் 'ஜோ டர்னர்ஸ் கம் அண்ட் கான்', 1986-இல் 'தி பியானோ லெசன்' ஆகியவையும் இங்கே வாசிக்கப்பட்டன. பின்னது 1990-இல் அவருக்கு இரண்டாம் புலிட்சர் பரிசைப் பெற்றுத் தந்தது. இருபதாம் நூற்றாண்டின் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒன்றாகக் கறுப்பின மக்களின் வாழ்வைச் சொல்லும் அவருடைய பத்து நாடக வரிசையில் இவை நான்கும் அடங்கும்.

வில்சனின் வெற்றிக்கு வாசிப்பு மட்டும் காரணம் அல்ல. வாசிப்புக்கு அடுத்த படியாக யேல் மேடை காத்திருந்தது. அதற்கடுத்துப் பிற நகர அரங்குகளும் பிராட்வேயும் இருந்தன. ஒவ்வொரு படியிலும் அவர் திருத்தி எழுதினார். வாசிப்பில் தொடங்கிய நாடகம் தயாரிப்பில் சென்று முடியும் என்ற உறுதி அந்த ஏற்பாட்டில் இருந்தது.

விமர்சனங்கள்

வாட்டர்ஃபோர்டின் வெற்றிக்குப் பிறகு அமெரிக்கா முழுவதும் அரங்குகள் வாசிப்புகளையும் பட்டறைகளையும் தொடங்கின. வாசிப்புக்குச் செலவு குறைவு. புதிய எழுத்தை வளர்க்கிறோம் என்று நிதி வழங்கும் அறக்கட்டளைகளிடம் காட்டவும் முடியும். ஆனால் முழுத் தயாரிப்புகள் அதே அளவில் பெருகவில்லை. ஒரே நாடகம் ஊர் ஊராக வாசிக்கப்பட்டு, எங்கும் மேடையேறாமல் நின்றது. ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு ஆலோசனை கிடைத்தது. எல்லோருக்கும் செவிசாய்த்த நாடகம் தன் கூர்மையை இழந்தது.

இன்னொரு குறை வடிவம் சார்ந்தது. வாசிப்பு, வசனத்தை நம்பிய நாடகத்துக்கே சாதகமானது. உடலசைவையும் மௌனத்தையும் காட்சிப் படிமத்தையும் நம்பிய நாடகத்தில் அரங்கக் குறிப்புகளை ஒருவர் உரக்க வாசிக்கும்போது, நாடகத்தின் உயிர் அங்கே இருப்பதில்லை. தேர்வுக் களமாக வாசிப்பு மட்டும் இருந்தால் எழுத்தாளர்கள் வாசிப்புக்கு ஏற்றதையே எழுதத் தொடங்குவர்.

2003-இல் நியூயார்க்கில் 13 நாடகாசிரியர்கள் சேர்ந்து '13பி' என்ற குழுவை அமைத்தனர். நாடகத்தை வளர்த்துக்கொண்டிருப்பது தங்கள் வேலை அல்ல, அரங்கேற்றுவதே வேலை என்று அறிவித்தனர். ஒவ்வொருவரின் ஒரு நாடகத்தையும் தயாரித்து முடித்து, 2012-இல் திட்டமிட்டபடி குழுவைக் கலைத்துக்கொண்டனர். நாடகாசிரியர்களின் வாழ்நிலையை ஆராய்ந்து 2009-இல் வெளிவந்த டாட் லண்டனின் 'அவுட்ரேஜியஸ் ஃபார்ச்சூன்' நூலும், எழுத்தாளர்களுக்கும் அரங்குகளுக்கும் இடையே விழுந்திருந்த விரிசலைப் பேசியது.

மதிப்பீடு

ஓ'நீல் மையம் 1979-இல் சிறப்பு டோனி விருதையும், 2010-இல் மாநில அரங்குகளுக்கான டோனி விருதையும் பெற்றது. இருப்பினும் தேசிய நாடகாசிரியர் மாநாட்டின் முதன்மைப் பங்களிப்பு, நாடகம் தோற்றுப்போவதற்கு ஓர் இடத்தை உருவாக்கியதே. நாவலாசிரியர் தன் முதல் வரைவின் பிழைகளைத் தனிமையில் கண்டு திருத்திக்கொள்ள முடியும். நாடகாசிரியரால் அது முடியாது. நடிகரின் வாயும் பார்வையாளரின் செவியும் இல்லாமல் அவருக்குத் தன் பிழை தெரிவதில்லை. அந்தப் பிழை வணிக அரங்கில் வெளிப்பட்டால், அதுவே பல எழுத்தாளர்களின் கடைசி நாடகமாகிவிடும். மாநாடு அந்தச் சோதனையைப் பணத்திலிருந்தும் நாளிதழ் விமர்சனத்திலிருந்தும் பிரித்து எடுத்தது.

மேடை வாசிப்புக்கு எதிரான விமர்சனங்களும் இதே வரலாற்றிலிருந்தே வலுப்பெறுகின்றன. ஓ'நீலின் நாடகம் கூடத்தில் வாசிக்கப்பட்ட கோடையிலேயே மீன் கொட்டகையில் மேடையேறியது. 'மா ரெய்னி' வாசிக்கப்பட்ட இரண்டே ஆண்டுகளில் யேல் மேடையைக் கண்டது. வாசிப்பு பயன் தந்த இடங்களிலெல்லாம் அதற்கு அப்பால் ஒரு மேடை இருந்தது.