புனித மோனிக்கா மடம், பழைய கோவா

புனித மோனிக்கா மடம் என்பது இந்தியாவின் கோவா மாநிலத்தில், பழைய கோவா நகரில் உள்ள முன்னாள் கத்தோலிக்கக் கன்னியர் மடம் ஆகும். போர்த்துக்கேய மொழியில் இது சாந்தா மோனிக்கா என அழைக்கப்படுகிறது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகஸ்தீனார் சபைப் பெண் துறவிகளுக்காகக் கட்டப்பட்ட இம்மடம், ஆசியாவில் நிறுவப்பட்ட முதல் கன்னியர் மடமாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. 1885ஆம் ஆண்டுடன் இதன் துறவற வாழ்வு முடிவுற்றது.

பெயர்

புனித மோனிக்கா, புனித அகஸ்தீனாரின் தாய் ஆவார். இம்மடத்தின் எதிரே அகஸ்தீனார் சபை ஆண் துறவிகளின் மடம் இருந்தது. மகனின் பெயரால் அமைந்த மடத்தின் எதிரே தாயின் பெயரால் மற்றொரு மடம் எழுந்தது.

வரலாறு

அகஸ்தீனார் சபையைச் சேர்ந்தவரும், 1599இல் கேரளத்தின் உதயம்பேரூரில் ஆயர் மன்றத்தைக் கூட்டியவருமான கோவா பேராயர் அலெய்சோ டி மெனேசெஸ் இம்மடத்தை நிறுவினார். 1606இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1627இல் கட்டடப் பணி நிறைவடைந்தது. 1636இல் ஏற்பட்ட தீ விபத்தில் மடம் பெரும் சேதமடைந்தது. அடுத்த ஆண்டே மீண்டும் கட்டப்பட்டது.

போர்த்துக்கேய அதிகாரிகள், படைவீரர்கள் ஆகியோரின் மகள்களும் கைம்பெண்களும் இங்குத் துறவு மேற்கொண்டனர். துறவிகளுள் கறுப்பு முக்காடு அணிபவர், வெள்ளை முக்காடு அணிபவர் என இரு நிலையினர் இருந்தனர். இந்தியப் பெண்கள் பெரும்பாலும் வெள்ளை முக்காட்டுப் பிரிவிலேயே சேர்க்கப்பட்டனர். துறவிகளின் எண்ணிக்கைக்கு 100 என்ற வரம்பு இருந்தது. மடத்தில் சேரும் பெண்கள் கொண்டுவந்த சீதனத்தால் மடத்தின் சொத்து பெருகியது. மணம் செய்யத்தக்க பெண்களும் நகரின் செல்வமும் மடத்திற்குள் சென்றுவிடுவதாகக் கோவா நகர மன்றம் போர்த்துக்கேய அரசரிடம் முறையிட்டது.

மூடப்படல்

1834இல் போர்த்துக்கல் அரசு துறவற சபைகளைக் கலைத்து ஆணையிட்டது. இவ்வாணை ஆண்களையும் பெண்களையும் ஒரே விதமாக நடத்தவில்லை. ஆண் துறவிகள் மடங்களை விட்டு உடனே வெளியேற்றப்பட்டனர். பெண் துறவிகள் வாழ்நாள் முழுவதும் மடத்தில் தங்கலாம். ஆனால், புதியவர்களைச் சேர்க்கக் கூடாது. கடைசித் துறவி இறந்ததும் மடம் மூடப்படும் என விதிக்கப்பட்டது.

இவ்வேறுபாட்டின் விளைவை இன்றும் அவ்விடத்தில் காணலாம். 1835இல் கைவிடப்பட்ட அகஸ்தீனார் தேவாலயத்தின் வளைவுக்கூரை 1842இல் இடிந்து விழுந்தது. 1931இல் அதன் முகப்பும் கோபுரத்தின் ஒரு பகுதியும் சரிந்தன. மோனிக்கா மடத்திலோ, எண்ணிக்கையில் குறைந்துகொண்டே வந்த துறவிகள் மேலும் அரை நூற்றாண்டு வாழ்ந்தனர். கடைசித் துறவி 1885இல் இறந்தார். அதுவரை ஆள் புழங்கிய இக்கட்டடம் நிலைத்து நிற்கிறது. எதிரே இருந்த தேவாலயத்தில் எஞ்சியிருப்பது உடைந்த கோபுரமும் அடிச்சுவர்களுமே.

கட்டட அமைப்பு

மடம் செம்புரைக்கல்லால் கட்டப்பட்டுச் சுண்ணாம்புச் சாந்து பூசப்பட்டது. நடுமுற்றத்தைச் சுற்றி மூன்று தளங்களாக எழுந்துள்ள இக்கட்டடத்தின் உயரமான வெளிச்சுவர்களைப் பருத்த உதைசுவர்கள் தாங்குகின்றன. உட்புறத்தில் விவிலியக் காட்சிகளைக் கொண்ட சுவரோவியங்கள் உள்ளன.

மடத்தின் தேவாலயம் ஒற்றை நடுக்கூடம் கொண்டது. துறவிகள் வெளியாரின் பார்வையில் படாமல் வழிபடுவதற்கென மேல், கீழ் என இரு பாடல் கூடங்கள் தனியே அமைக்கப்பட்டன. அருகிலுள்ள சிற்றாலயம் அழும் சிலுவை ஆலயம் எனப்படுகிறது. 1636இல் அங்குள்ள சிலுவையில் இயேசுவின் உருவம் கண் திறந்ததாகவும், அதன் காயங்களிலிருந்து குருதி வடிந்ததாகவும் நம்பப்படுகிறது.

தற்போதைய பயன்பாடு

துறவிகள் மறைந்தபின் இக்கட்டடம் படையினர் தங்கும் இடமாகவும் பயன்பட்டது. 1964இல் பெண் துறவிகளுக்கு இறையியல் கற்பிக்கும் மாத்தர் தேய் நிறுவனம் இங்கு அமைந்தது. ஒரு காலத்தில் புதிய பெண்களைச் சேர்க்கத் தடை விதிக்கப்பட்ட மடம், இவ்வாறு மீண்டும் பெண் துறவிகளின் இடமாயிற்று.

1994இல் இராச்சோல் குருமடத்தில் தொடங்கப்பட்ட கிறித்தவக் கலை அருங்காட்சியகம், 2002இல் இம்மடத்தின் தேவாலயத்திற்கு மாற்றப்பட்டது. தந்தச் சிற்பங்கள், மரச் சிற்பங்கள், வெள்ளிப் பொருட்கள், வழிபாட்டு உடைகள் முதலியன இங்குள்ளன. கூழைக்கடா வடிவில் அமைந்த வெள்ளிக் கதிர்ப்பாத்திரம் இவற்றுள் புகழ்பெற்றது. புதுப்பிக்கப்பட்ட அருங்காட்சியகம் 2022இல் மீண்டும் திறக்கப்பட்டது.